தம்பிக்கு மட்டும் விலக்கு

நானும் என் தம்பியும் இரட்டைப் பிள்ளைகள். அவனுக்குக் கொஞ்சம் முன்னால் நான் பிறந்துவிட்டதால் அவன் எனக்குத் தம்பி, நான் அவனுக்கு அக்கா. இந்தக் கொஞ்சத்தை அவன் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. தான்தான் முதலில் புறப்பட்டதாகவும், நான் இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்துவிட்டதாகவும் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் குடியாத்தம் பஸ்ஸுக்கு இடம் பிடிப்பவர்களைப் பார்த்தே வளர்ந்தவன். அவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

எங்கள் வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. இரண்டாகப் பங்கு போட முடியாத எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது. பொம்மை வந்தால் இரண்டு வரும், இல்லாவிட்டால் வராது. சைக்கிள் கடைசிவரை வராமலே போனதற்கும் இந்தச் சட்டம்தான் காரணம் என்று அப்பா சொல்வார். வேறு காரணங்களும் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அடியிலும் பங்கு உண்டு. யார் செய்த தப்பு என்று விசாரிக்க அம்மாவுக்கு நேரம் கிடையாது என்பதால் இரண்டு முதுகிலும் ஆளுக்கொன்று விழும்.

நாங்கள் நாலாம் வகுப்புப் படிக்கும்போது இந்தச் சட்டம் முதல்முறையாக மீறப்பட்டது. தம்பிக்குக் காய்ச்சல் வந்தது, எனக்கு வரவில்லை. வந்த காய்ச்சல் போகவும் இல்லை. ஆம்பூரில் இரண்டு டாக்டர்களைப் பார்த்த பிறகு வேலூரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அதற்கப்புறம் வாரம் தவறாமல் வேலூர். ரயிலில் போவான், இளநீர் குடிப்பான், திரும்பி வரும்போது கையில் புதுசாக ஏதாவது இருக்கும். தலைமுடி கொட்டிப்போனதற்குக்கூட அவனுக்கு ஒரு சிவப்புத் தொப்பி கிடைத்தது. எனக்கு முடியும் கொட்டவில்லை, தொப்பியும் இல்லை. நான் ஒருநாள் சட்டத்தை எடுத்துச் சொல்லி நியாயம் கேட்டேன். அப்பா வாய்க்குள் எதையோ முனகிவிட்டு வெளியே போனார்.

தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள். "ரத்தம் கம்மியா இருக்குதாம். மருந்து குடுக்கறாங்க." நானும் அதைத்தான் நம்பியிருந்தேன்.

இதை எங்களைவிட அதிகமாக நம்பியது எதிர்வீட்டு அத்தை. அத்தை என்றால் சொந்தம் ஒன்றும் இல்லை, கூப்பிடுவது அப்படி. அம்மா வேலை செய்த ஷூ கம்பெனியில், அம்மா உட்காரும் லைனுக்கே அவர்தான் லைன் லீடர். கம்பெனியில் அதட்டி அதட்டிக் குரல் தடித்துப்போனவர். வீட்டில் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டால் தெருக்கோடியில் இருப்பவர்களுக்கும் பசிக்கும். தம்பிக்கு ரத்தம் கம்மி என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து ஞாயிறு சந்தைக்குப் போய்வரும்போதெல்லாம் ஒரு பை பீட்ரூட்டை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார். தம்பி பீட்ரூட்டைக் கண்டாலே ஓடுவான். ஆனாலும் சட்டம் சட்டம்தான். அவன் பங்கோடு என் பங்கும் வேகும். இளநீரில் வராத பங்கு பீட்ரூட்டில் மட்டும் தவறாமல் வந்தது.

அம்மா கம்பெனியில் ஷூவின் மேல்தோல் தைக்கும் மிஷினில் உட்காருவாள். சாயங்காலம் கம்பெனி பஸ் வந்தும் அம்மா அதில் வரவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். எவளோ ஒருத்தியின் மிஷினில் ஊசி உடைந்திருக்கும். வெளிநாட்டுக்குப் போகும் ஷூ. ஊசித் துண்டு ஒன்று உள்ளே இருந்து எவன் காலையாவது குத்திவிட்டால் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடுமாம். அதனால் ஊசி உடைந்த சத்தம் கேட்டதும் "ஊசி ஒடஞ்சிருச்சு" என்று கத்த வேண்டும். கத்தினால் அந்த லைன் அப்படியே நிற்கும். எல்லோரும் தரையில் குனிந்து, காந்தத்தைப் போட்டுத் துழாவி, துண்டுகளைப் பொறுக்கி, ஒட்டவைத்துப் பார்த்து, முழு ஊசியும் கிடைத்துவிட்டது என்று சூப்பர்வைசர் சொன்ன பிறகுதான் லைன் ஓடும். பழைய ஊசியைக் காட்டாமல் புது ஊசி கொடுக்க மாட்டார்கள். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேருக்கு இது தூக்கத்திலும் மறக்காத பாடம். வீட்டில் நான் பொத்தான் தைக்கும்போது ஊசியைக் கீழே போட்டுவிட்டால், அது கிடைக்கும்வரை சோறு கிடையாது.

ஐந்தாம் வகுப்பு ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆன சமயம், பள்ளிக்கூடத்தில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே ஊசி போடப்போவதாகச் சொன்னார்கள். எங்களுடையது சின்னப் பள்ளிக்கூடம். தலைமையாசிரியையான பெரிய டீச்சரே ஐந்தாம் வகுப்புக்கும் பாடம் எடுப்பார். அவர் ஒரு நாள் காலையில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் போட்டுக்கணும். ஒருத்தர் பாக்கி இல்லாம. நம்ம கிளாஸ்ல ஒருத்தனுக்கு மட்டும் விலக்கு." சொல்லிவிட்டு என் தம்பியின் பெயரைச் சொன்னார்.

வகுப்பு முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அவன் பள்ளிக்கூடத்துக்கு வந்தே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வராதவனுக்கு விலக்கு, தினமும் வந்து பாடம் படிக்கிற எனக்கு ஊசியா? விலக்கு என்ற வார்த்தையே எனக்கு அப்போதுதான் தெரியும். ஏதோ பட்டம் கொடுப்பதுபோல் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பையைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம் கேட்டேன்.

"எனக்கும் விலக்கு வேணும்."

அப்பா டேனரியிலிருந்து அப்போதுதான் வந்து குளித்துக்கொண்டிருந்தார். எத்தனை முறை தேய்த்தாலும் அவர் நகக்கண்ணில் தோலுக்குப் போடும் மருந்தின் நீலம் போகாது. "உனக்கா? உன் வாய்க்கு வேணா கொஞ்ச நாள் வெலக்கு குடுத்தா வீடு நல்லா இருக்கும்" என்றார்.

உள்ளேயிருந்து தம்பி எட்டிப் பார்த்தான். "யாருக்குடி விலக்கு?"

"உனக்குத்தான். உனக்கு மட்டும். பெரிய டீச்சர் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் சொன்னாங்க" என்றேன், வயிற்றெரிச்சலோடு.

அவன் முகம் சுண்டிவிட்டது. போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ராத்திரி சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை. அம்மா வந்து என்னவென்று கேட்கக் கேட்க, கடைசியில் அழுகையோடு சொன்னான்: "என்னை ஸ்கூல்ல இருந்து விலக்கிட்டாங்களாமே."

அவனுக்கு அந்த வார்த்தை அப்படிக் கேட்டிருக்கிறது. ஆளை நிறுத்திவிட்டார்கள், பெயரை அடித்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டான். எனக்குப் பொறாமை கொடுத்த வார்த்தை அவனைக் குப்புறப் போட்டுவிட்டது. இல்லடா, ஊசி மட்டும்தான் கிடையாது என்று நான் விளக்கியதும் எழுந்து உட்கார்ந்தான்.

"ஊசி போட்டவங்க மட்டும்தான் ஸ்கூலுக்கு வரலாமா?"

"அப்படித்தான் போல."

"அப்ப என் விலக்க நீ எடுத்துக்க. உன் ஊசிய நான் போட்டுக்கறேன். எனக்கு ஊசியெல்லாம் பழக்கம்தான்."

எனக்கு இது மிக நல்ல ஏற்பாடாகத் தோன்றியது. சட்டப்படியும் சரியாக இருந்தது. அம்மாதான் திடீரென்று எழுந்து அடுப்படிக்குள் போய், இல்லாத பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள்.

வேலூர் டாக்டர் அம்மாவிடம் சொன்னது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பையன் தேறிவிட்டான், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம். ஆனால் இன்னும் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. அவனுக்கு இந்த ஊசியைப் போடக் கூடாது, உடம்பு தாங்காது. தட்டம்மை வந்தால் அதையும் தாங்காது. அவனைச் சுற்றி உட்காரும் பிள்ளைகள் எல்லோரும் போட்டுக்கொண்டிருந்தால் அவனுக்குத் தொற்றும் ஆபத்து குறையும். போட்டுக்கொள்ளாதவர்கள் அதிகம் இருக்கும் வகுப்பில் உட்கார வைக்க வேண்டாம். அம்மா இதைப் பெரிய டீச்சரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். யாருக்கும் சொல்லாதீங்க டீச்சர் என்றும் கேட்டுக்கொண்டிருந்தாள். வியாதியின் பெயர் வெளியே தெரிந்தால் பிள்ளைகளை அவனோடு விளையாட விட மாட்டார்களோ என்ற பயம்.

பெரிய டீச்சரின் கெட்ட நேரம், அந்த வாரம்தான் ஒரு ஆடியோ ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லார் வீட்டுக்கும் டச் போன் வந்து சேர்ந்திருந்த காலம். யாரோ ஒரு ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு பேசுவார். ஊசி போட்ட பிள்ளைகள் மயங்கி விழுந்தார்களாம், பிறகு கல்யாணம் ஆனாலும் பிள்ளை பிறக்காதாம், ஒரே ஊசியை எல்லோருக்கும் குத்துகிறார்களாம். எந்த ஊரில், எந்தப் பள்ளிக்கூடத்தில் என்று மட்டும் சொல்ல மாட்டார். அந்த ஆடியோவை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தது எதிர்வீட்டு அத்தை. கம்பெனி பஸ்ஸில் ஸ்பீக்கரில் போட்டே கேட்க வைத்துவிட்டாராம்.

மறுநாளிலிருந்து பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டுச் சீட்டோடு வந்தார்கள். 'எங்கள் பிள்ளைக்கு ஊசி வேண்டாம்' என்று எழுதிக் கீழே கையெழுத்து. அத்தையின் மகன்தான் முதல் சீட்டைக் கொடுத்தவன். கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "எனக்கும் விலக்கு" என்றான்.

பெரிய டீச்சர் சீட்டை வாங்கி மேஜையில் வைத்தார். "இது விலக்கு இல்லடா. விலக்கு டாக்டர் குடுக்கறது. ஒடம்பு ஒத்துக்காதவங்களுக்கு. இது உங்க அம்மா வேணாம்னு சொல்றது. ரெண்டும் ஒண்ணு இல்ல." சீட்டுகள் சேர்ந்துகொண்டே போயின. டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊசி போட வருவதாக இருந்த நர்ஸை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா எதிர்வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அம்மா சுற்றி வளைத்து ஏதோ பேசிவிட்டு, "ஊசி நல்லதுன்னுதான் சொல்றாங்கக்கா" என்று முடித்தாள்.

"ஊசியப் பத்தி எனக்குச் சொல்லாத" என்றார் அத்தை. "நாள் பூரா ஊசியோட மாரடிக்கிறவ நான். இத்தன புள்ளைங்களுக்கு குத்துறாங்களே, எவ்ளோ ஊசி எடுத்துனு வந்தாங்க, எவ்ளோ திருப்பி எடுத்துனு போனாங்க, யாராவது பாக்கறாங்களா? உள்ள ஒடஞ்சு நின்னுச்சுன்னா யாரு பதில் சொல்றது? நல்லா ஓடி ஆடுற புள்ளைக்கு எதுக்கு இந்த பேஜாரு?"

உண்மையைச் சொன்னால்தானே அம்மாவுக்கு மேலே பேச்சு வரும். எங்களுக்காக எடுத்து வைத்திருந்த பீட்ரூட் பையை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தோம்.

பெரிய டீச்சர் விடுகிற ஆள் இல்லை. அவர் யோசித்து, நர்ஸைக் கெஞ்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்பாடு செய்தார். கம்பெனிக்கு லீவு. அம்மாக்கள் எல்லோரும் பிள்ளைகளோடு வரலாம், கண் முன்னாலேயே பார்க்கலாம், பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் அழைத்துக்கொண்டு போகலாம். அத்தைக்கு இது பிடித்திருந்தது. "நேர்ல பாத்து செக் பண்ணிக்கலாம், வாங்கடி" என்று தெருவையே கூட்டிக்கொண்டு வந்தார். அவரைப் பொறுத்தவரை அது இன்ஸ்பெக்‌ஷன்.

அப்பா தம்பியோடு வீட்டில் இருந்துகொண்டார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய் வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினாள். விலக்கு கேட்டதற்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். நர்ஸம்மா நீலப் பெட்டியைத் திறந்து, ஐஸுக்கு நடுவிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்தார். உறையைக் கிழித்துப் புது ஊசியை எடுத்ததை, பின்னால் நின்ற அத்தை கழுத்தை நீட்டிப் பார்த்துத் தலையாட்டினார். இதுவரை ஓகே என்று அர்த்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எறும்பு கடித்த மாதிரி இருந்தது, அதற்குள் முடிந்துவிட்டது. நான் அழவில்லை. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு அங்கே ஒருத்தரும் குறித்துக்கொள்ளவில்லை.

நர்ஸம்மா போட்டு முடித்த ஊசியை மேஜையில் இருந்த சின்ன டப்பாவின் துளைக்குள் விட்டு ஒரு பிடியை அழுத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"ஊசி ஒடஞ்சிருச்சு! நிறுத்துங்க!"

கத்தியது என் அம்மா. அந்த ஊசி எல்லோருக்கும் போடப்பட வேண்டும் என்று ராத்திரியெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்த அதே அம்மா. சத்தம் காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது. பல வருஷப் பழக்கம்.

அவ்வளவுதான். நின்றிருந்த பெண்கள் எல்லோரும் அப்படியே குனிந்தார்கள். நாலு பேர் மேஜைக்கு அடியில் போனார்கள். ஒருத்தி தரையைக் கையால் கூட்டித் துழாவினாள். இன்னொருத்தி காந்தம் கேட்டாள். அத்தை பாய்ந்து வந்து என் கையை வெளிச்சத்தில் திருப்பி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஊசி வலிக்கவில்லை, அவர் அழுத்தியதுதான் வலித்தது. "துண்டு எங்க? துண்டு எங்க?" என்று எல்லாப் பக்கமும் குரல். பிள்ளைகள் உயிரே போய்விட்டதுபோல் அலறிக்கொண்டு சிதறினார்கள். அத்தையின் மகன் கழிவறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

நர்ஸம்மா திகைத்துப் போனார். "இன்னாம்மா தேடறீங்க? ஊசிய நான்தான் ஒடச்சேன்."

அதைச் சொன்னதற்கு அவர் சும்மா இருந்திருக்கலாம். அத்தை நிமிர்ந்தார். "வேணும்னே ஒடச்சியா?" அத்தையின் கம்பெனியில் ஒருத்தி இதைச் செய்தால் அன்றோடு கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். இரண்டு மூன்று பெண்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பெரிய டீச்சர் ஓடிப்போய் வாசலை மறித்து நின்றார். நர்ஸம்மா குரலைத் தணித்துச் சொன்னார். "அம்மா, ஒருத்தருக்கு போட்ட ஊசிய இன்னொருத்தருக்கு போட்றக் கூடாதில்ல? அதுக்குத்தான் உடனே வெட்டிட்றோம். வெட்டினது இந்த டப்பாக்குள்ளதான் விழும். வெளிய வராது."

"காட்டு" என்றார் அத்தை.

நர்ஸம்மா டப்பாவைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அடிப்பக்கம் கண்ணாடிபோல் இருந்தது. உள்ளே ஒற்றை ஊசி கிடந்தது. அத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மிச்சமிருந்த சிரிஞ்சை வாங்கி அதையும் பார்த்தார். இரண்டையும் மனசுக்குள் ஒட்டிப் பார்த்திருக்க வேண்டும். "முழுசா இருக்குது" என்றார். மேஜைக்கு அடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்கள்.

ஆனாலும் அத்தை விடவில்லை. "ஊசி சரி. எதுக்கு இந்த மருந்துன்னு யாராவது சொல்லுங்க. என் புள்ள நல்லாத்தான இருக்கறான்."

அப்போதுதான் அம்மா பேசினாள். தான் கத்தியதால்தான் எல்லாம் கெட்டது என்று அதுவரை சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

"உன் புள்ள நல்லாத்தான்க்கா இருக்கறான். என் புள்ளதான் இல்ல. அவனுக்கு ரத்தம் கம்மியெல்லாம் இல்லக்கா. ரத்தத்துல கேன்சரு." கொஞ்சம் நிறுத்தினாள். "இப்ப தேறிட்டான். ஸ்கூலுக்கு அனுப்பலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா அவனுக்கு இந்த ஊசி போடக் கூடாது. சுத்தி இருக்கற புள்ளைங்க போட்டுக்கினாதான் அவன் வந்து உக்கார முடியும். தெனமும் கேக்கறான்க்கா, நான் எப்ப போறதுன்னு. நான் இன்னா சொல்றது?"

கழிவறைக்குள்ளிருந்து அத்தையின் மகன் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா சொன்னது எல்லாமே என் காதில் விழுந்தது. அந்த வியாதியின் பெயரைத் தம்பியோடு சேர்த்து அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். ஆனால் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. நான் ஊசி போட்டுக்கொண்டு நிற்கிறேன், அழவும் இல்லை, எல்லோரும் ஊசியே போட்டுக்கொள்ளாத தம்பியைப் பற்றியே பேசுகிறார்களே என்றுதான் நினைத்தேன்.

அத்தைக்குக் கோபம் வந்ததுபோல் இருந்தது. "என் லைன்ல குந்தினு, தெனம் என் கூட ஒரே பஸ்ல வந்துனு, என்கிட்டயே மறச்சியா? ரத்தம் கம்மின்னு சொல்லி ஒரு வருஷமா என்ன பீட்ரூட்டு தூக்க வச்சியேடி" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அந்தக் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லோர் பக்கமும் திரும்பினார். பழைய குரல் திரும்பி வந்துவிட்டது.

"துண்டு கெடச்சிருச்சில்ல? அப்புறம் இன்னா வேடிக்க? லைன ஓட்டுங்க!"

கழிவறைக் கதவைத் தட்டி மகனை வெளியே இழுத்து, எனக்கு அடுத்த ஆளாக நிறுத்தினார். அவன் போட்ட கூச்சலில் பக்கத்துத் தெரு நாய்கள் எல்லாம் குரைத்தன. அதற்கப்புறம் ஒவ்வொரு முறை 'டக்' என்று கேட்டபோதும் அத்தை டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சரி, அடுத்தது" என்றார். நர்ஸம்மா முதலில் முறைத்தார், பிறகு அவரே டப்பாவைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

எல்லோரும் போட்டுக்கொண்டார்கள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அன்றைக்கே கிளம்பிப் போனவர்களும் இருந்தார்கள். அவர்கள் வீடுகளுக்கு அத்தை சாயங்காலத்தில் போய்ப் போய்ப் பேசினார். ஆடியோவைப் பரப்பியவரும் அவர்தான் என்பதால், அதை இல்லை என்று சொல்ல அவருக்கு இரண்டு மடங்கு சத்தம் தேவைப்பட்டது. ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. அந்த வீட்டுச் சிறுமியை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மற்றவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பெரிய டீச்சர் மேஜையில் இருந்த சீட்டுகளை எடுத்து சத்துணவு அடுப்புக்குக் கொடுத்துவிட்டார்.

சில வாரங்கள் போன பிறகு தம்பி பள்ளிக்கூடத்துக்கு வந்தான். யூனிபார்ம் தொளதொளவென்று தொங்கியது. சிவப்புத் தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்றான், டீச்சரும் கழற்றச் சொல்லவில்லை. இனிமேல் அவனுக்குப் பீட்ரூட் தேவையில்லை என்று தெரிந்ததில் அவனுக்கு ஏற்கெனவே பாதி தெம்பு வந்திருந்தது. வகுப்புக்குள் நுழைந்ததும் பெரிய டீச்சர், "எல்லாரும் கை தட்டுங்க" என்றார். தட்டினோம். தட்டும்போதே எனக்கு ஆத்திரமாக வந்தது. கை வலிக்க வலிக்க ஊசி போட்டுக்கொண்டது நாங்கள். கைதட்டல் மட்டும் போடாதவனுக்கா? உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆவதற்குள் அவன் அத்தை மகனிடம், பெஞ்சில் தன் இடத்தை விடச் சொல்லிச் சண்டை போட்டான். சண்டையில் ஜெயித்தும்விட்டான். டீச்சர் அதட்டுவதற்குப் பதிலாகச் சிரித்தார். எனக்கு இன்னும் ஆத்திரம்.

சாயங்காலம் பெல் அடித்து வெளியே வந்தால் வாசலில் அம்மா நின்றிருந்தாள். கம்பெனியில் பர்மிஷன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அப்படி அவள் வந்து நான் பார்த்ததே இல்லை. வெளியே வந்த எங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்தி, அவர்கள் கன்னத்தைத் தொட்டு, "தேங்க்ஸ் கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் கூச்சத்தோடு நெளிந்துகொண்டு ஓடினார்கள். அத்தை மகன் மட்டும், "பரவால்லத்த" என்று பெரிய மனுஷன்போல் சொல்லிவிட்டுப் போனான். தம்பி, பெஞ்சில் இடம் பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தான்.

கடைசியில் அம்மா என் பக்கம் திரும்பினாள். என் தோளைப் பிடித்து, ஊசி போட்ட இடத்தைத் தடவினாள். தழும்புகூட இல்லை, ஆனாலும் அவளுக்கு அந்த இடம் சரியாகத் தெரிந்திருந்தது.

"உனக்கும்தான்டி தேங்க்ஸ்" என்றாள்.

எங்கள் வீட்டில் ஒருத்தருக்கொருத்தர் நன்றி சொல்லும் பழக்கமெல்லாம் கிடையாது. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

"எனக்கு எதுக்கு? என்னத்தான் முதல்ல நிக்க வச்சு குத்த வச்சியே."

"நீதான அவன் பக்கத்துலயே படுக்கற" என்றாள் அம்மா.

இது என்ன புதுக் குற்றச்சாட்டு என்று எனக்குச் சுறுக்கென்றது. நல்ல நாளும் அதுவுமாகத் திட்டு வாங்க நான் தயாராக இல்லை.

"நான் ஒண்ணும் உதைக்கறதில்லம்மா" என்றேன். "அவன்தான் தூக்கத்துல என்ன உதைக்கறான்."